ஊர்தியும் ஊழியமும்

2002ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஓர் ஊர்வலம் நடந்தது. பதாகையும் இல்லை, பாட்டும் இல்லை. சில சிறிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன, அவ்வளவே. ஆயினும் பார்த்தவர்கள் வியந்து நின்றனர். கார்களை ஓட்டியவர்கள் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள். அவற்றில் அமர்ந்து சென்றவர்கள் பல திருச்சபைகளின் போதகர்களும் யூத சமயத் தலைவர்களும். கார்களோ டெட்ராய்ட்டில் பிறந்தவை அல்ல. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஜப்பானிய பிரியஸ் கார்கள். அவை போய் நின்ற இடங்கள் போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் இரு பெரும் நிறுவனங்களின் வாயில்கள். அமெரிக்க மோட்டார்த் தொழிலின் தலைநகருக்குள்ளேயே அயல்நாட்டுக் காரில் ஏறிச் சென்று, புகை குறைந்த வண்டிகளைச் செய்யுங்கள் என்று கேட்டவர்கள் அறிவியலாரும் அல்லர், அரசியலாரும் அல்லர், சமயத்தார்.

அதே நாள்களில் ஒரு கேள்வி அந்நாட்டின் செய்தித்தாள்களையெல்லாம் சுற்றி வந்தது. 'இயேசு எதை ஓட்டுவார்?' என்பதே அக்கேள்வி. இதனை எழுப்பியது 1993இல் தோன்றிய சுவிசேஷச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு. அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த ஜிம் பால் ஒரு பாப்டிஸ்ட் போதகர். நகைச்சுவை எழுத்தாளர்களுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கலிலேயாவின் புழுதிப் பாதைகளில் கால்நடையாகத் திரிந்தவரைக் கார் விற்பனைக் கூடத்துக்கு அழைத்து வந்து நிறுத்துவதா என்று சிலர் சிரித்தனர், சிலர் சினந்தனர். பக்தி வேறு, பெட்ரோல் வேறு என்பது அவர்கள் கட்சி.

ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஏறிச் செல்லும் ஊர்தியைப் பற்றிய கேள்வி கிறித்துவத்துக்குப் புதியதன்று என்பது தெரியவரும். எருசலேம் நகருக்குள் இயேசு நுழைந்த காட்சியைச் சுவிசேஷங்கள் நான்கும் சொல்கின்றன. அவர் ஏறி வந்தது கழுதை. போருக்குச் செல்லும் மன்னன் குதிரை மேல் வருவான்; சமாதானம் கொண்டு வருபவன் கழுதை மேல் வருவான் என்பது அந்நாட்டு மக்கள் அறிந்த வழக்கு. ஆகவே அன்றைய ஊர்வலத்தில் ஊர்தியே ஒரு செய்தியாக இருந்தது. நல்ல சமாரியன் கதையிலும் ஒரு வாகனம் வருகிறது. அடிபட்டுக் கிடந்த அயலானைத் தன் வாகனத்தில் ஏற்றி, உடையவன் கீழே நடந்து செல்கிறான். இவ்விரண்டு காட்சிகளையும் பின்வந்தோர் மறக்கவில்லை.

மறக்காதவர்களுள் தலையாயவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். துணி வணிகரின் மகனாகப் பிறந்து, இளமையில் குதிரையேறிப் போர்வீரனாக விரும்பியவர் அவர். பின்னாளில் அனைத்தையும் துறந்து ஒரு துறவியர் கூட்டத்தைத் தொடங்கியபோது, அவர்களுக்கென எழுதி 1223ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்ற ஒழுங்குமுறையில், சகோதரர்கள் குதிரை மேல் ஏறிச் செல்லலாகாது என்று விதித்தார். அக்காலத்தில் குதிரை என்பது வெறும் விலங்கன்று; அது பதவியின் அடையாளம். குதிரை மேல் இருப்பவன் தரையில் நிற்பவனைக் குனிந்து பார்த்துத்தான் பேச வேண்டும். ஏழையோடு ஏழையாக வாழ வந்தவன் அவனைவிட உயரத்தில் அமர்தல் எங்ஙனம் பொருந்தும்? ஆனால் பிரான்சிஸ் கல்நெஞ்சர் அல்லர். வெளிப்படையான தேவை இருந்தாலோ, நோய் இருந்தாலோ ஏறிச் செல்லலாம் என்று அவ்விதியிலேயே ஒரு வழியும் வைத்தார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நோயுற்ற அவரே கழுதை மேல் ஏறிச் செல்ல நேர்ந்தது. தேவைக்கு ஏறுவது வேறு, பெருமைக்கு ஏறுவது வேறு என்னும் இந்தப் பகுப்பு, எட்டு நூற்றாண்டு கழித்து டெட்ராய்ட்டில் எழுந்த வாதத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

தமிழருக்கும் இவ்வகையில் ஒரு முன்மாதிரி நன்கு தெரிந்ததே. 1838இல் சென்னையில் வந்திறங்கிய இராபர்ட் கால்டுவெல், 1841இல் தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டபோது கால்நடையாகவே சென்றார். வெள்ளையர் பல்லக்கிலும் குதிரையிலும் போவதைக் கண்டு பழகிய மக்களுக்கு, நடந்து வரும் வெள்ளையர் ஒரு விந்தை. மக்களையும் அவர்தம் மொழியையும் அறிய அதுவே வழி என்று அவர் கருதினார். திராவிட மொழிகளை ஒப்பிட்டு நூல் செய்த அறிஞரின் கல்வியில் அந்த நடைக்கும் ஒரு பங்கு உண்டு என்று கொள்வதில் தவறில்லை.

இதற்கு நேர்மாறான மரபு ஒன்றும் உண்டு. நற்செய்தி விரைந்து பரவ வேண்டுமாயின் ஊர்தியும் விரைந்து செல்ல வேண்டும் என்பது அம்மரபு. 1771இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற மெதடிஸ்ட் ஊழியர் பிரான்சிஸ் ஆஸ்பரி, 1816இல் இறக்கும்வரை குதிரை முதுகிலேயே வாழ்ந்தவர் என்று சொல்லிவிடலாம். அவர் கடந்த தொலைவு இரண்டரை இலட்சம் மைலுக்கு மேல் என்பர். காடும் மலையுமாய்க் கிடந்த நாட்டில், பத்து வீடுகள் உள்ள குடியிருப்பைக்கூட விடாமல் தேடிச் சென்ற போதகர்களுக்குக் குதிரை பெருமையின் சின்னமாக இருக்கவில்லை, கருவியாக இருந்தது. அமெரிக்கக் கிறித்துவத்தின் இரத்தத்தில் வேகம் கலந்தது இப்படித்தான். குதிரையின் இடத்தில் மோட்டார் வண்டி வந்தபோது, அந்நாட்டுத் திருச்சபைகளுள் பெரும்பாலானவை அதைத் தயக்கமின்றி வரவேற்றதில் வியப்பில்லை.

தயங்கியவர்களும் சிலர் இருந்தனர். ஆமிஷ் என்னும் எளிய வாழ்வினர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் பரவியபோது, அதைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தனர். கார் பாவப் பொருள் என்று அவர்கள் சொல்லவில்லை. அவசரத்துக்குப் பிறர் காரில் கூலி கொடுத்துப் போவதை இன்றும் அவர்கள் தடுப்பதில்லை. அவர்கள் அஞ்சியது தொலைவை. ஆமிஷ் மக்களுக்குத் தனிக் கோயில் கிடையாது. இரு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி வழிபடுவர். ஒரு சபையின் எல்லை என்பது குதிரை வண்டி எளிதில் சென்று திரும்பக்கூடிய எல்லை. கார் வந்தால் மகன் ஒரு திக்கிலும் தந்தை ஒரு திக்கிலும் குடியிருப்பர்; நோயுற்ற அண்டை வீட்டானை விசாரிக்க ஆள் இராது; சபை சிதறும். இக்காரணத்தால் அவர்கள் சக்கரத்தின் வேகத்துக்கே வரம்பு கட்டினர். சுற்றுச்சூழல் என்ற சொல்லையே அறியாத காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு இது. அவர்களை அருங்காட்சியகப் பொருள்போலப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அம்முடிவில் இருந்த நுட்பத்தைக் காண்பதில்லை. எந்த வண்டியை வாங்குவது என்பதைத் தனி மனிதனிடம் விடாமல், ஊர்கூடி எண்ணிப் பார்த்தார்கள் என்பதே அந்நுட்பம்.

1955ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் அமெரிக்காவின் இரு கோடிகளில், கிறித்துவர்கள் வண்டியோடு கொண்ட உறவு இரு வேறு வழிகளில் பிரிந்தது.

மேற்கே கலிபோர்னியாவில், இராபர்ட் ஷுல்லர் என்ற இளம் போதகர் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு புதுமை செய்தார். கோயில் கட்டப் பணமில்லை. காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றை ஞாயிறு காலைக்கு வாடகைக்கு எடுத்தார். சிற்றுண்டிக் கடையின் கூரை மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். மக்கள் காரை விட்டு இறங்கவில்லை; சன்னலில் மாட்டிய ஒலிபெருக்கி வழியே வேதம் கேட்டனர். அம்முயற்சி பெருகி, 1980இல் கண்ணாடியால் ஆன பெருங்கோயிலாக உயர்ந்தது. அங்கும் காரில் அமர்ந்தபடியே வழிபட வசதி இருந்தது. 2010இல் அந்நிறுவனம் கடனில் மூழ்கியதும், கோயில் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கைக்கு மாறியதும் பின்கதை. ஷுல்லரைப் பழிக்க வேண்டியதில்லை. முதியோரும் நடக்கவியலாதோரும் அவருடைய சபையில் இடம் பெற்றனர். ஆனால் அருகருகே அமர்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத ஒரு சபை அங்கே பிறந்துவிட்டது.

தெற்கே அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் நடந்தது வேறு. டிசம்பர் முதல் நாள், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். ஐந்தாம் நாள் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கினர். அன்று மாலை ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் கோயிலில் பெருங்கூட்டம். தலைமை ஏற்ற மார்ட்டின் லூதர் கிங்கிற்கு அப்போது வயது 26. ஒருநாள் புறக்கணிப்பு எளிது. நாள்தோறும் வேலைக்குப் போக வேண்டிய சமையற்காரியும் சலவைக்காரியும் என்ன செய்வர்? 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இத்தகைய போராட்டத்தை நடத்திய போதகர் ஜெமிசனிடம் கிங் வழி கேட்டார். அவர் சொன்ன வழி, கார் வைத்திருப்போர் இல்லாதோரை ஏற்றிச் செல்வது. ஏறத்தாழ முந்நூறு கார்கள் திரண்டன. எந்த முனையில் ஏறுவது, எந்த நேரத்தில் வண்டி வரும் என்பதெல்லாம் ஒரு போக்குவரத்துக் கழகம் வகுப்பதுபோல் வகுக்கப்பட்டன. பின்னர் நீண்ட உடல் கொண்ட 'ஸ்டேஷன் வேகன்' வண்டிகளும் வாங்கப்பட்டன. அவை பதிவானது கோயில்களின் பெயரால். பக்கவாட்டில் கோயிலின் பெயர் எழுதிய அவ்வண்டிகளை மக்கள் 'உருளும் கோயில்கள்' என்றே அழைத்தனர்.

அவற்றை நிறுத்த எதிரிகள் செய்யாத சூழ்ச்சியில்லை. காப்புறுதி நிறுவனங்கள் காப்புறுதியை நீக்கின. கடைசியில் கடல் கடந்து இலண்டன் லாயிட்ஸ் காப்புறுதி தந்தது. 1956 நவம்பர் 13ஆம் நாள் உள்ளூர் நீதிமன்றம் இக்கூட்டு வண்டிகளுக்குத் தடை விதித்தது. அதே நாளில்தான் பேருந்து இனப்பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆணை வந்து சேரும்வரை மக்கள் நடந்தனர். 381 நாள் கழித்துப் பேருந்தில் ஏறியபோது, விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர்.

மாண்ட்கமரிப் போராட்டத்தைச் சுற்றுச்சூழல் போராட்டம் என்று யாரும் சொல்லார்; சொல்லவும் கூடாது. அது மானத்துக்காக நடந்தது. ஆயினும் இன்று சுற்றுச்சூழல் நோக்கில் பேசப்படும் மூன்றும், அதாவது நடப்பது, வண்டியைப் பகிர்ந்துகொள்வது, பொதுப் பேருந்தை எல்லாருக்கும் உரியதாக்குவது ஆகிய மூன்றும், ஒரே ஊரில் கோயில்களின் பொறுப்பில் ஓராண்டுக்கு மேல் நடந்தேறின. வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத நிகழ்ச்சி அது. அமெரிக்கத் திருச்சபைகள் பின்பற்றிச் சென்ற பாதையோ பெரும்பாலும் ஷுல்லருடையது. 1956 ஜூன் மாதம் நிறைவேறிய நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் விரைவுச் சாலைகளுக்கு வழி வகுத்தது. நகரத்தார் புறநகருக்குக் குடிபெயர்ந்தனர். கோயில்களும் அவர்களோடு பெயர்ந்தன. கோபுரத்தைவிடக் கார் நிறுத்தும் திடல் பெரிதாயிற்று.

இதற்கிடையே அறிவுலகில் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. 1967இல் லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், உலகை ஆண்டுகொள்ள மனிதனுக்கு உரிமை தரப்பட்டது என்னும் மேலைக் கிறித்துவ எண்ணமே இயற்கையின் சீரழிவுக்கு வேர் என்றார். அதே கட்டுரையின் முடிவில், சுற்றுச்சூழலாருக்குக் காவலராக அசிசியின் பிரான்சிஸைக் கொள்ளலாம் என்றும் கூறினார். 1979இல் போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவ்வாறே அறிவித்தார். குற்றம் சாட்டியவர் சொன்ன மருந்தைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது வரலாற்றின் இனிய விந்தைகளுள் ஒன்று.

இனி, 2002இல் டெட்ராய்ட்டில் கேள்வி எழக் காரணமான வண்டிகளைப் பார்க்க வேண்டும். முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள உயிர்வாயுவோடு சேர்வதால் எடை கூடுகிறது. வண்டி குடிக்கும் பெட்ரோலைக் குறைப்பதே அன்று எளிய வழி. 1973ஆம் ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப்பின், 1975இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி கார்கள் காலனுக்குச் சராசரி 27.5 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று வகுக்கப்பட்டது. ஆனால் உழவரும் தச்சரும் பயன்படுத்தும் சிறு லாரிகளுக்குச் சட்டம் இரக்கம் காட்டியது. 2002இல் அவற்றுக்குரிய அளவு 20.7 மைல் மட்டுமே; லிட்டருக்கு 8.8 கிலோமீட்டர்.

இந்த இரக்கத்தின் இடுக்கில் ஒரு பெருந்தொழில் புகுந்தது. லாரியின் அடிச்சட்டத்தின் மேல் சொகுசு இருக்கைகளைப் பொருத்தி, அதையும் 'சிறு லாரி' என்றே கணக்கில் காட்டி நகரத்தாருக்கு விற்றனர். எஸ்.யூ.வி. எனப்படும் உயர்ந்த வண்டிகள் பெருகிய வகை இதுவே. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் விற்ற புது வண்டிகளில் ஏறத்தாழப் பாதி இந்த லாரி வகையைச் சேர்ந்தவை. சட்டக் கணக்கின்படியே பார்த்தாலும், ஓர் இலட்சம் கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் காரைவிட இவ்வண்டி 2,800 லிட்டர் பெட்ரோலை மிகுதியாகக் குடித்திருக்கும். ஆறு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை மிகுதியாகக் கக்கியிருக்கும். 2002இல் விற்பனைக்கு வந்த ஹம்மர் எச்2 என்னும் வண்டியோ, சுமையோடு சேர்த்துக் கணக்கிடும் எடை 8,500 பவுண்டைத் தாண்டியதால், எரிபொருள் சட்டத்துக்கே கட்டுப்படாமல் தப்பியது. கனமானது என்பதற்காகவே விலக்கு!

ஜிம் பால் தம் வாதத்தைக் கட்டியது இந்த இடத்தில்தான். பிறனைத் தன்னைப்போல் நேசி என்பது கிறித்துவத்தின் முதன்மையான கட்டளைகளுள் ஒன்று. வண்டியின் புகை ஏழை வீட்டுக் குழந்தையின் நுரையீரலில் சென்று படிகிறது. மிகும் வெப்பத்தால் முதலில் நலிவோர் உலகின் வறியோர். அப்படியாயின் எந்த வண்டியை ஓட்டுவது என்பது வெறும் விருப்பமன்று, அறம் சார்ந்த தெரிவு என்றார். பிரான்சிஸின் காலத்தில் குதிரை மேலிருப்பவனின் உயரம் ஏழையைப் புண்படுத்தியது. இக்காலத்தில் புகை புண்படுத்துகிறது. நல்ல சமாரியன் கதையில் வாகனம் அயலானைச் சுமந்தது. இன்றைய வாகனம் அயலானுக்கே சுமையாயிற்று. இயக்கத்தாரின் வாதத்துக்கு உயிர் தந்த சிந்தனை இதுதான்.

கேள்வியின் வடிவமும் வழிவழி வந்ததே. 1896இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில், சார்லஸ் ஷெல்டன் என்ற போதகர் ஞாயிறு மாலைகளில் தொடர்கதையாகவே பிரசங்கம் செய்தார். எச்செயலைச் செய்யுமுன்னும், இயேசு என்ன செய்வார் என்று ஓராண்டு காலம் தம்மையே கேட்டுக்கொள்ள உறுதி பூண்ட சபையாரின் கதை அது. நூலுரிமைப் பதிவில் நேர்ந்த பிழையால் பதிப்பாளர் பலர் ஆசிரியரைக் கேளாமலே அச்சிட்டுத் தள்ள, இலட்சக்கணக்கில் விற்றது. 1990களில் அக்கேள்வியின் முதலெழுத்துகள் பொறித்த கைப்பட்டைகளை அமெரிக்க இளைஞர் அணிந்து திரிந்தனர். பழகிய அந்தச் சொற்றொடரில் 'செய்வார்' என்பதை 'ஓட்டுவார்' என்று மாற்றியதே ஜிம் பால் கூட்டத்தாரின் திறமை.

2002 இலையுதிர்காலத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிரிவு, புகழ்பெற்ற கிறித்துவப் பாடகர்களும் ஒரு போதகரும் ஊர் ஊராகச் செல்லும் இசை வழிபாட்டுச் சுற்றுலாவுக்குப் பொருளுதவி செய்தது. சமயத்தார் ஒரு வாயிலில் நின்று அறம் கேட்கையில், நிறுவனம் மற்றொரு வாயில் வழியே கோயிலுக்குள் நுழைந்து வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டிருந்தது. கிறித்துவர் யாவரும் ஒருமுகமாக இருந்தனர் என்று எண்ணுவதும் பிழை. பெரிய குடும்பங்களுக்குப் பெரிய வண்டி வேண்டாமா, பனி மலையில் வாழ்வோர் என் செய்வர் என்று விசுவாசிகளே கேட்டனர். இவை வீண் கேள்விகள் அல்ல. வெளிப்படையான தேவை என்று பிரான்சிஸ் ஒதுக்கி வைத்த இடத்தில் வைத்து எண்ண வேண்டியவை.

2003இல் ஜிம் பால் தம் பிரியஸ் காரிலேயே தென் மாநிலங்களைச் சுற்றிவந்து பேசினார். பிரேக் போடும்போது வீணாகும் விசையை மின்சாரமாக்கிச் சேமித்து, மறுபடியும் சக்கரத்துக்கே தரும் அச்சிறு காரைத் திறந்து காட்டினார். அதே ஆண்டில் அரசு வேறொரு பிரசங்கம் செய்தது. 6,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தொழிலுக்கென வாங்குவோர், முதலாண்டிலேயே ஓர் இலட்சம் டாலர்வரை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. உழவரின் பொறிகளுக்கென ஏற்பட்ட சலுகையைக் கொண்டு மருத்துவரும் வழக்கறிஞரும் எஸ்.யூ.வி. வாங்கினர். அடுத்த ஆண்டு அவ்வண்டிகளுக்குரிய சலுகை 25,000 டாலராகக் குறைக்கப்பட்டது. மனச்சான்று ஒருபுறம் இழுக்க, வரிச்சலுகை மறுபுறம் இழுத்தால் வெல்வது எது என்பதற்கு விற்பனைக் கணக்கே விடை.

இயக்கம் முற்றிலும் வீணாயிற்று என்பதற்கும் இல்லை. அதுவரை சுற்றுச்சூழலைத் தங்களுக்கு அயலான பொருளாகக் கருதிய சுவிசேஷக் கிறித்துவரிடையே அது ஒரு பேச்சைத் தொடங்கி வைத்தது. 2006 பிப்ரவரியில் அப்பிரிவின் தலைவர்கள் 86 பேர், தட்பவெப்ப மாற்றம் குறித்த அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். எதிர்த்தோரும் அதே பிரிவில் இருந்தனர். 2006இலேயே இலண்டன் பேராயர் ரிச்சர்ட் சார்ட்ரஸ், விடுமுறைக்காக விமானத்தில் பறப்பதையும் பெரிய கார் வாங்குவதையும் பாவத்தின் அறிகுறிகளாகச் சுட்டிப் பலரின் கோபத்துக்கு ஆளானார். 2007 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் மாறியது. 2020ஆம் ஆண்டுக்குள் கார், சிறு லாரி இரண்டும் சேர்ந்து காலனுக்கு 35 மைல் எட்ட வேண்டும் என்று அது கூறியது. ஹம்மர் வண்டி 2010இல் நின்றது. அதை நிறுத்தியது பிரசங்கம் என்று சொல்வது நேர்மையாகாது. 2008இல் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட எண்ணெய் விலையும், அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானதுமே காரணம்.

கேள்வியில் இருந்த குறையையும் கூறத்தான் வேண்டும். எதை ஓட்டுவார் என்று கேட்டவுடனே, ஓட்டுவார் என்பது முடிந்த முடிபாகிவிடுகிறது. எஞ்சுவது எந்த மாதிரி என்பதே. பேருந்தே வராத புறநகரில் குடியிருப்பவனிடம் மனச்சான்றை மட்டும் கொடுத்துப் பயன் என்ன? ஆமிஷ் ஊரார் கூடி எண்ணியதும், மாண்ட்கமரிக் கோயில்கள் வண்டிகளை வாங்கிப் பகிர்ந்ததும் இந்தக் கேள்விக்குள் இடம் பெறவில்லை. அது விற்பனைக் கூடத்தில் தனியே நிற்கும் ஒருவனிடம் கேட்ட கேள்வி. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கு ஒரு விசித்திரமான விடை கிடைத்தது. ஹம்மர் மறுபிறவி எடுத்தது, புகையே இல்லாத மின்சார வண்டியாக! எடை நான்கு டன்னுக்கு மேல். அதன் மின்கலத் தொகுதி மட்டுமே 1,300 கிலோ. கன்னியாஸ்திரீகள் டெட்ராய்ட்டில் ஓட்டிய அந்தப் பிரியஸ் காரை முழுதாகத் தராசில் வைத்தாலும் அவ்வளவு எடை வாராது.

2015 ஜூன் மாதம் போப்பாண்டவர் பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடலில் இக்குறை ஓரளவு நீங்கியது. ஓரிருவர் மட்டும் ஏறிச் செல்லும் கார்கள் நகரங்களை நெருக்குவதையும், பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தர வேண்டியதையும் அது பேசியது. பொது ஊர்தியில் செல்வதையும் பலர் சேர்ந்து ஒரே காரில் செல்வதையும் அன்றாடப் பக்தியின் செயல்களோடு சேர்த்துச் சொன்னது. எழுதியவர் புவெனஸ் ஐரிஸில் பேராயராக இருந்தபோது பேருந்திலும் சுரங்க இரயிலிலும் சென்று வந்தவர். அசிசியின் பிரான்சிஸ் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டவர். 2020இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை, 2030ஆம் ஆண்டுக்குள் தன் நிகரக் கரி வெளிப்பாட்டைச் சுழியாக்க முடிவு செய்தது. ஊழியர்கள் பணிக்காகச் செல்லும் பயணமும் அக்கணக்கில் சேர்ந்தது.

சுற்றுமடல் வெளிவந்த ஆண்டு செப்டம்பரில் போப்பாண்டவர் வாஷிங்டன் வந்திறங்கினார். விமானத்தளத்தில் அவருக்கென நின்றது பியட் 500எல் என்னும் சிறிய கார். முன்னும் பின்னும் காவலர்களின் கரிய பெரிய எஸ்.யூ.வி.க்கள் சூழ, யானைக் கூட்டத்தின் நடுவே அகப்பட்ட ஆட்டுக்குட்டிபோல அது ஊர்ந்து சென்றதை உலகமே தொலைக்காட்சியில் கண்டு களித்தது. பிலடெல்பியாவில் அவர் பயன்படுத்திய அத்தகைய கார் ஒன்று, 2016 ஜனவரியில் அந்நகரின் மோட்டார்க் கண்காட்சியையொட்டி நற்பணிக்காக ஏலம் விடப்பட்டது. போனது 82,000 டாலருக்கு. ஏலத்தில் எடுத்தவர் ஒரு கார் வணிகர்.